பெயிண்ட் ஈரம், தொடாதே

அவரை முதன்முதலில் பார்த்தபோது அவருடைய வலது காதோரம் கறுப்பாக ஒரு கோடு ஒழுகிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதம், ஒரகடத்து வெயில், தகரக் கூரை, கீழே ஆசிட் தொட்டிகள். வியர்வையில் தலைச்சாயம் கரைந்து இறங்கி வெள்ளைச் சட்டைக் காலரில் சேர்ந்துகொண்டிருந்தது. நான் இருபது வருடமாக இரும்புக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலில் இருப்பவன். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அடியைச் சுத்தம் செய்யாமல் மேலே பூசியிருக்கிறார், ஒரு மாதம் தாங்காது. அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் இந்த ஒரு வரிக்கு விளக்கவுரை.

அது இரும்புச் சட்டங்களை ஆசிட்டில் முக்கி, துரு போக்கி, துத்தநாகம் பூசி அனுப்பும் தொழிற்சாலை. ஊரார் இரும்பையெல்லாம் துருவிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. தன் இரும்பைத் தானே தின்றுகொண்டிருந்தது. ஆசிட் புகை ஏறி ஏறி, தூண்களும் கூரைச் சட்டங்களும் நாங்கள் பெயிண்ட் அடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பழுப்பேறும். அவர் அங்கே பராமரிப்பு மேனேஜர். நான் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுத்திருந்த கம்பெனியின் சூப்பர்வைசர்.

"இன்னா கான்ட்ராக்ட், எப்படி இருக்க?" என்பார். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட என் பெயரைக் கேட்டதில்லை. அதனால் அவர் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

துரு குறித்து அவருக்கு ஒரு தெளிவான கொள்கை இருந்தது. அது இரும்புக்கு வரும் வியாதி அல்ல, பார்ப்பவர் கண்ணுக்கு வரும் தொந்தரவு. எங்காவது துரு பிடித்திருக்கிறது என்று போய் நின்றால், "தெரியுதா?" என்று கேட்பார். தெரிகிறது என்றால், "அப்ப பெயிண்ட் அடி." தெரியவில்லை, உள்ளே இருக்கிறது என்றால், "தெரியாததுக்கு எதுக்குய்யா என்கிட்ட வந்த?" அவ்வளவுதான் அவருடைய பராமரிப்புத் துறை.

சட்டைப் பையில் கொள்ளும் அளவில் ஒரு மீட்டர் உண்டு. பெயிண்ட் மேல் அதன் மூக்கை வைத்தால் பூச்சின் கனத்தைச் சொல்லும். எங்கள் ஒப்பந்தப்படி கனம் இருநூற்றைம்பது மைக்ரான் இருக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன். தொழிற்சாலை முழுக்க நூறு இடத்தில் அளந்து எழுத வேண்டும் என்பது முறை. அவர் நூறு இடத்தையும் ஒரே இடத்தில் அளப்பார். டீ மெஷினுக்குப் பக்கத்தில், நாலாம் நம்பர் தூண், மார்பு உயரம். ஆசிட் புகை எட்டாத மூலை அது. ஏ.சி. அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்ந்த காற்று வேறு படும். அந்தத் தூணை மட்டும் ஒவ்வொரு ஆடிட்டுக்கு முன்பும் பழைய பூச்சைச் சுரண்டி, முறைப்படி மூன்று கோட்டிங் அடிக்கச் சொல்வார். ஒரு கையில் டீ, ஒரு கையில் மீட்டர். "இருநூத்தி எண்பது. இருநூத்தி எழுபத்தஞ்சு. இருநூத்தித் தொண்ணூறு, போட்டுக்க" என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். தாளில் 'வடக்குக் கூரை' என்று இருக்கும், 'தெற்குத் தொட்டி மேடை' என்று இருக்கும். எல்லாம் நாலாம் நம்பர் தூண்தான்.

"சார், ஒருவாட்டி அந்தப் பக்கமும் வெச்சுப் பார்த்துட்டா..."

"எல்லாம் ஒரே இரும்புதானய்யா. விரல்ல குத்தி ரத்தம் எடுத்தா உடம்பு முழுக்க என்ன இருக்குன்னு தெரியுதுல்ல?"

சில முட்டாள்தனங்கள் அவ்வளவு வழவழப்பாக இருக்கும், பிடிக்க இடம் கிடைக்காது.

மார்கழிக் காலையில் இரும்பு வியர்க்கும். ஏரிப் பக்கத்து ஈரக் காற்று குளிர்ந்த கூரைச் சட்டத்தில் பட்டு முத்து முத்தாக நிற்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் ஒட்டாது, எந்தப் பெயிண்டரும் இதைத் தூக்கத்தில் சொல்வான். "ஒன்பது மணி தாண்டி வெயில் ஏறட்டும் சார்" என்றேன். "துணியால துடைச்சுட்டு அடி. குளிச்சுட்டு வந்தவன் சட்டை போடறதில்லையா?" என்றார். அடித்தோம். பத்தாம் நாள் அது தாள் தாளாக உரிந்து தொங்கியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, திருப்தியாகத் தலையசைத்தார். "பழசு தானா உரியுது பார். நமக்குச் சுரண்டற வேலை மிச்சம்."

அதே கூரையில் ஒரு பல்லிக்கும் கோட்டிங் விழுந்தது. செத்துப்போய்ச் சட்டத்தோடு ஒட்டியிருந்ததைப் பார்க்காமல் பையன்கள் ஸ்பிரே அடித்துவிட்டார்கள். சாம்பல் நிறத்தில், வால் முதல் விரல் வரை வார்த்து வைத்ததுபோல் இருந்தது. எடுத்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும். அங்க துரு பிடிக்காது" என்றார். அவர் ஜோக் அடிக்கவில்லை. அவருக்கு ஜோக் அடிக்கத் தெரியாது. அந்த வேலை என்னுடையது.

அவருடைய தலைசிறந்த கண்டுபிடிப்பு அந்தப் பலகைகள். மஞ்சள் தகரத்தில், 'பெயிண்ட் ஈரம், தொடாதே' என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு டஜன் பலகைகள். ஆடிட் நாள் காலையில் அவற்றை அடுக்கி எடுத்துக்கொண்டு, கோயிலில் குருக்கள் விபூதி கொடுப்பதுபோல் ஒவ்வொரு இடமாக நின்று நின்று மாட்டிக்கொண்டு போவார். எங்கே யாரும் தட்டிப் பார்க்கக் கூடாதோ அங்கே. பெயிண்ட் காய்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஆடிட்டர்கள் சட்டைக்குப் பயந்தவர்கள். பலகையைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி தள்ளி நின்று, "வெரி குட்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

"பூட்டு போட்டா சாவி எங்கன்னு கேப்பான் கான்ட்ராக்ட். பலகை போட்டா அவனே ஒதுங்கிப் போவான்" என்று ஒருமுறை என்னிடம் ரகசியம்போல் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்ததிலேயே புத்திசாலித்தனமான வாக்கியம் அதுதான். அதை நான் பயன்படுத்தினேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் பல்லியையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஆசிட் தொட்டியின் ஓரமாக ஒரு நடைமேடை இருந்தது. இடுப்பளவு கைப்பிடி, காலுக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு இரும்புத் தகடுகள், அதற்கும் கீழே ஆசிட். சேரப்பணஞ்சேரியிலிருந்து வரும் செல்வி ஒரு நீளக் கம்பியின் நுனியில் கட்டிய பிளாஸ்டிக் மக்கோடு ஷிப்டுக்கு இரண்டு முறை அதில் நடந்து போய், தொட்டியிலிருந்து ஆசிட் மொண்டு லேபுக்குக் கொண்டு வருவாள். அந்த மேடையில் தினமும் கால் வைக்கும் ஒரே ஆள் அவள்தான்.

ஆண்டு ஷட்டவுனில் அதற்குப் பெயிண்ட் அடிக்க இரண்டே நாள் கிடைத்தது. பழைய பூச்சை முழுக்க எடுத்து, வெறும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். மூன்றாம் தகட்டில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சுத்தியலின் கூர்முனையால் லேசாகத் தட்டினேன். முனை உள்ளே போயிற்று. உருவி எடுத்தேன். ஓட்டை வழியாகக் கீழே தொட்டி தெரிந்தது.

அவரைக் கூப்பிட்டேன். இரண்டாம் தகட்டுக்கும் வராமல் படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ பெருசு?"

"சுத்தியல் மூக்கு அளவு சார்."

"அது ஓட்டையாய்யா? மூக்குத்தி. பட்டி வெச்சு அடி."

"அடியில முழுக்கப் போயிருக்கு சார். தகட்டையே மாத்தணும்."

"மாத்தினா வெல்டிங். வெல்டிங்னா தொட்டி காலி பண்ணணும். காலி பண்ணா ரெண்டு நாள் பத்தாது, லைன் நிக்கும். லைன் ஏன் நிக்குதுன்னு மேல கேப்பாங்க. இத்தனை வருஷமா நான் பார்க்கலன்னு நீ வந்து சொல்றியா?"

நானாவது போய்ச் சொல்வதாவது. ஓட்டையில் பட்டி வைத்து அடைத்தேன். மேலே மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். 'துரு முழுமையாக நீக்கப்பட்டது' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். துருவை நீக்கினால் மூன்றாம் தகடும் சேர்ந்து நீங்கிவிடும் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

பயந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு வறளும். எனக்கு ஜோக் வரும். மறுநாள் லைன் ஓட ஆரம்பித்து, செல்வி மக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேடைப்படி ஏறியதைப் பார்த்ததும் அதுவும் வரவில்லை. ஓடினேன். ஓடுகிற வழியில் கையில் கிடைத்தது அவருடைய பலகைகளில் ஒன்று. அதை மூன்றாம் தகட்டுக்கு நேராகக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, மூச்சு வாங்க, "அக்கா, ஈரம். தாண்டிப் போ" என்றேன்.

"இதுக்கா இப்படி ஓடியாந்த? போலீஸ் தொரத்துதோன்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு ஒரு எட்டு அகலமாக வைத்துத் தாண்டினாள்.

அன்று தப்பித்தாயிற்று. மறுநாள்? பெயிண்ட் காய்ந்துவிடும். காய்ந்தால் பலகை பொய்யாகிவிடும், யாராவது எடுத்துவிடுவார்கள். இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் பாதுகாப்பு அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்வான். நான் ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் மூன்றாம் தகட்டில் இன்னொரு கை மஞ்சள் அடித்தேன். அதற்கு மறுநாளும். அதற்கு மறுநாளும். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வந்து, டிபன் பையை வைத்ததும் முதல் வேலை அதுதான். பலகை பொய் சொல்லக் கூடாது என்பதற்காக மூன்று மாதம் தினமும் அதை உண்மையாக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியத்தை வாயால் சொல்லாமலிருக்க நான் செலவழித்த பெயிண்டில் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஜன்னல் கம்பிக்கெல்லாம் அடித்திருக்கலாம்.

வீட்டில் இதை ஒரு வேடிக்கைக் கதையாக அவிழ்த்துவிட்டேன். நடித்தே காட்டினேன். என் மனைவி சிரிக்கவில்லை. "அந்தப் பொம்பளைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நான் குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

செல்வி முட்டாள் அல்ல.

"இன்னா சார் இது, ஆடி போயி ஆவணி வந்துச்சு, இன்னும் காயலியா? பெயிண்டா, பச்சைப் புள்ளையா?"

"வெயில் பத்தல அக்கா."

"உன் மூஞ்சப் பார்த்தா வெயில் பத்தலன்னு தோணல. என்னத்தையோ சொல்லாம வெச்சினு கீற." என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஆசிட் நிறைந்த மக்கை அலுங்காமல் பிடித்துக்கொண்டு தாண்டினாள். அவள் கீழே விழக் கூடாது என்று நான் செய்திருந்த ஏற்பாடு, ஆசிட் தொட்டி மேல் அவளைத் தினமும் நான்கு முறை, அதில் இரண்டு முறை ஆசிட்டோடு, தாண்ட வைப்பது.

அடுத்த ஆடிட்டுக்கு இரண்டு நாள் முன்பு டீ மெஷின் ரிப்பேராயிற்று. இது சின்ன விஷயம் அல்ல. நாலாம் நம்பர் தூணை விட்டு அவரைப் பிரித்த ஒரே சக்தி அதுதான். டீக்காகக் கேன்டீனுக்குப் போகிற வழியில், கையில் மீட்டரோடு, மேடையைக் கடந்தார். எதற்கோ நின்றார். பலகையைக் கொஞ்சம் ஒதுக்கி, படியில் நின்றபடியே உடம்பை நீட்டி, மூன்றாம் தகட்டில் மீட்டரை வைத்தார்.

"கான்ட்ராக்ட், இங்க வா. மீட்டரே கைய விரிச்சிருச்சு."

எண் வர வேண்டிய இடத்தில் நான்கு சிறு கோடுகள் நின்றன. வேறு இடத்தில் வைத்தார். அதே கோடுகள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த மீட்டர் உண்மையில் பெயிண்டை அளப்பதில்லை. இரும்பைத் தேடும். தன் மூக்குக்கும் இரும்புக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று சொல்லும். பூச்சு அளவுக்கு மீறித் தடித்திருந்தால் கோடு காட்டும். இரும்பு கிடைக்கவில்லை என்றாலும் கோடு காட்டும்.

"அளவு தாண்டிப் போயிருக்குய்யா. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கோட்டிங் பார்த்ததில்ல" என்றார். நான்கு வருடத்தில் முதல்முறையாக என் தோளைத் தட்டினார்.

"சார், அது வந்து... அடியில இரும்பு இல்லேன்னாலும் கோடு காட்டும் சார்."

"இரும்பு இல்லாம பெயிண்ட் எது மேலய்யா நிக்கும்?"

நல்ல கேள்வி. மூன்று மாதமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். "அதான சார்" என்றேன்.

ஆடிட்டர் புனேயிலிருந்து வந்தார். ஒல்லியானவர், பேச மாட்டார், எழுதுவார். நம்மவர் புதிதாகச் சாயம் பூசிக்கொண்டு, அவரை நேராகத் தொட்டி மேடைக்கே அழைத்து வந்தார். அன்றைக்கு மட்டும் மூன்றாம் தகட்டின் பலகையைத் தானே கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மீட்டரை வைத்துக் கோடுகளைக் காட்டினார். ஆடிட்டர் தகட்டைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதில் ஆட்கள் நடக்கிறார்களா?

"தினமும்" என்றார் நம்மவர். செல்வி கம்பியோடு படியருகே நின்றிருந்தாள். "செல்வி, வாம்மா. சாருக்கு நடந்து காட்டு. தாண்டாத, தகட்டு மேலேயே வெச்சு நட."

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லேன் என்பதுபோல.

இந்த நொடிக்காக மூன்று மாதம் பிரஷ்ஷோடு ஒத்திகை பார்த்தவன் நான். வாயைத் திறந்தேன். துரு என்று சொல்லத்தான் திறந்தேன். "ஈரம் சார்" என்றேன். "பெயிண்ட் ஈரம். தொடக் கூடாது."

என் வாயிலிருந்து அவருடைய பலகை பேசியது. அவர் குனிந்து விரலை வைத்துப் பார்த்தார். அன்று காலை ஆடிட் பரபரப்பில் எனக்குப் பெயிண்ட் அடிக்க நேரம் கிடைத்திருக்கவில்லை. "காஞ்சு கல்லாட்டம் இருக்கு. என்னய்யா உளர்ற? நீ நட செல்வி."

செல்வி முதல் தகட்டில் கால் வைத்தாள். இரண்டாவதில் வைத்தாள். நான் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தேன், நடப்பது நான் என்பதுபோல. மூன்றாவதின் முன்னால் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க முன்னாடி நடங்க சார். நான் பின்னாடியே வரேன்."

அவர் நகரவில்லை. நகர மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மக்கைக் கழற்றிக் கீழே வைத்தாள். கம்பியின் அடிப்பக்கத்தைத் திருப்பி, மாவு இடிக்கிற மாதிரி மூன்றாம் தகட்டில் ஒரு இடி இடித்தாள். சத்தம் வரவில்லை. இன்னொரு இடி. கீழே தொட்டியில் சளக், சளக் என்று என்னென்னவோ விழுந்தன. பழுப்பாக, அடை அடையாக. ஆசிட் நுரைத்தது. மேலே மஞ்சள் பரப்பு கிழியாமல், பழைய கட்டில் நாடாபோல் நடுவில் தொய்ந்து நின்றது. இரும்பு முழுக்கப் போயிருந்தது. நான் அடித்த பெயிண்ட் மட்டும் அதே இடத்தில் இருந்தது.

அவர் படியில் நின்றபடியே எட்டி, தொய்ந்து கிடந்த அந்தத் தோலை உற்றுப் பார்த்தார். காதோரம் கறுப்புக் கோடு இறங்க ஆரம்பித்திருந்தது. பிறகு ஆடிட்டர் பக்கம் திரும்பினார்.

"பாருங்க, கோட்டிங்குக்கு ஒண்ணும் ஆகல."

ஆடிட்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

லைன் நின்றது. அவ்வளவு பயந்தாரே, ஒன்றும் நடக்கவில்லை. 'ஆபத்து உரிய நேரத்தில் கண்டறியப்பட்டது' என்று அறிக்கை எழுதினார். அதில் கண்டறிந்தவராக அவர் இருந்தார். பத்து நாளில் பன்னிரண்டு தகட்டையும் எடுத்துவிட்டு, துரு பிடிக்காத ஃபைபரில் கம்பி வலைபோல் பன்னிரண்டு துண்டுகளாக ஒரு மேடை போட்டார்கள். அதற்குப் பெயிண்டே தேவையில்லை. அதில் அவருக்கு ஒரு வருத்தம். ஒரு வருடத்தில் பெரிய பதவியோடு வேறு யூனிட்டுக்குப் போனார். அந்தப் பன்னிரண்டு பலகைகளையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார் என்று கேள்வி.

அவரைப் பற்றி எத்தனை கேவலமாக வேண்டுமானாலும் என்னால் எழுத முடியும். ஒவ்வொரு முறையும் கதை கடைசியில் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது.

புது மேடை போட்ட அன்று மாலை, செல்வி கம்பியோடு வந்தாள். கைப்பிடிக்குப் பெயிண்ட் அடித்ததற்காக என்னிடமும் கையெழுத்து வாங்கிய ஒப்படைப்புப் படிவத்தை நான் மடித்துக்கொண்டிருந்தேன்.

"தெனம் காலீல வந்து குந்திக்கினு பெயிண்ட் அடிச்சியே சார்" என்றாள். "ஒரு நாளு வாயத் தொறந்து சொல்லிருந்தா இன்னா?"

"ஒரு டப்பா மிச்சமாகியிருக்கும் அக்கா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மேடையில் ஏறினாள். முதல் துண்டு, இரண்டாவது. மூன்றாவதின் முன்னால் நின்றாள்.

"அது புதுசு அக்கா. தைரியமா கால் வை."

"புதுசுன்னு யாரு கையெழுத்து போட்டது? நீயா, அவரா?"

"ரெண்டு பேரும்."

அவள் மக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு எட்டு அகலமாக வைத்து, தாண்டிப் போனாள்.